வலி தெரியவில்லையா, வலிக்கவில்லையா, காட்டிக்கொள்ளவில்லையா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு ஆறு ஆண்டுகளாக ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். மாத்திரை தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி புறங்கையில் கொட்டிவிட்டது. அவர் கத்தவில்லை, கையை உதறவில்லை. கொப்புளத்தை நீங்கள் பார்த்ததே மறுநாள்தான். அதே தம்பி இரண்டு வாரமாக, "வயித்துக்குள்ள கம்பி விட்டுத் திருகுறாங்க" என்று ராத்திரியில் உட்கார்ந்து அழுகிறார். "நெசமா சுட்டது வலிக்கலையாம், இல்லாத கம்பி வலிக்குதாம், நடிக்கிறான்" என்கிறார் உங்கள் அப்பா. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு வலி தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, தம்பி தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை நம்பலாமா கூடாதா என்பதைத்தான் என்று நினைக்கிறேன்.

நம்பலாம். கஞ்சி கொட்டியபோது அவருக்கு வலித்திருக்கவே வாய்ப்பு அதிகம். வயிற்றில் வலிக்கிறது என்று இப்போது அவர் சொல்வதை வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி என்பது அந்த வலிக்கு அவர் கண்டுபிடித்த காரணம். காரணம் தவறு என்பதால் வலி பொய்யாகிவிடாது. நான் மருத்துவ உளவியலாளர். மனநல வார்டுகளில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். உடல் மருத்துவர் அல்ல, உங்கள் தம்பியை நேரில் பார்த்தவனும் அல்ல. ஆகவே அவர் வயிற்றில் என்ன கோளாறு என்பதை நான் சொல்ல முடியாது. அதை யாராவது கை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இந்த விஷயத்தை யோசிக்க நம் பேச்சுத் தமிழே நல்ல வழி காட்டுகிறது. ஊசி போட்டது தெரிந்ததா என்று கேட்டால், உடம்பில் ஏதோ பட்டதை அறிந்தாயா என்று பொருள். வலித்ததா என்று கேட்டால், அது துன்பமாக இருந்ததா என்று பொருள். வலியைக் காட்டிக்கொண்டாயா என்பது மூன்றாவது: முகம் சுளிப்பது, "அய்யோ அம்மா" என்பது, கையை வெடுக்கென்று இழுப்பது, யாரிடமாவது போய்ச் சொல்வது. ஆரோக்கியமாக இருப்பவருக்கு இந்த மூன்றும் ஒரே நொடியில் நடந்துவிடுவதால் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறோம். மனச்சிதைவில் இந்த மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகலாம். நூறாண்டுக் குழப்பம் முழுவதும், மூன்றாவது இல்லாததைப் பார்த்து முதலாவதும் இல்லை என்று முடிவு கட்டியதில் வந்தது என்பது என் கருத்து.

அந்த முடிவு பழையது. இந்த நோயை வகைப்படுத்திய ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின், தன் நோயாளிகள் ஊசிக் குத்தையும் காயத்தையும் பெரிதாக எண்ணாமல் பொறுத்துக்கொள்வதாகப் பதிவு செய்தார். 1911-இல் ஸ்கிசோஃப்ரினியா பற்றிய தன் நூலில் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லரும் வலியுணர்வு மறைவதைக் குறிப்பிட்டார். 1950-களில் அமெரிக்க மருத்துவர் வால்டர் மார்ச்சண்ட் தன் குழுவினருடன் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைகள்தான் மருத்துவ உலகை உலுக்கியவை. மாரடைப்பு, குடல்வால் அழற்சி, இரைப்பைப் புண் வெடிப்பு, தொடை எலும்பு முறிவு போன்றவை வந்தும், மனநோயாளிகளில் கணிசமானவர்கள் வலி என்று சொல்லவே இல்லை என்பதை அவர்கள் காட்டினார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டியவர்கள் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் வெளியிலிருந்து பார்த்து எழுதியவை. வலியை அளந்து பார்க்கும் பரிசோதனைகள் பிறகு வந்தன. சூடு, குளிர், அழுத்தம், சிறு மின்தூண்டல் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த அளவில் வலி தொடங்குகிறது, எந்த அளவுக்கு மேல் தாங்க முடியவில்லை என்று கேட்பார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி கனடாவின் கியூபெக்கிலிருந்து 2008-இல் வெளியான தொகுப்பாய்வு, மனச்சிதைவு உள்ளவர்கள் சராசரியாக வலியைக் குறைவாகவே தெரிவிக்கிறார்கள் என்றது. மாத்திரை சாப்பிடாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்ததால், எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போட முடியாது. 2001-இல் ஜில் ஹூலியும் அவருடன் பணியாற்றியவரும், மனச்சிதைவு உள்ளவர்களின் ஆரோக்கியமான உறவினர்களிடமும் வலி தொடங்கும் அளவு சற்று உயர்ந்திருப்பதைக் கண்டார்கள். அப்படியானால் இதில் கொஞ்சம் பரம்பரையும் கலந்திருக்கலாம்.

வேறுபாடு இருக்கிறது என்பதை ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். அது நடுத்தர அளவிலான சராசரி வேறுபாடு. "வலியே தெரியாது" என்று சொல்லும் அளவுக்கு அருகில்கூட வராது. ஆனால் எது குறைந்திருக்கிறது என்பதில்தான் இன்னும் சண்டை தீரவில்லை. பிரான்சில் 1994-இல் மருந்து எடுக்காத ஒரு சிறு குழுவினரை வைத்து, காலில் மின்தூண்டல் கொடுத்து, தசை தானாகச் சுருங்கும் அனிச்சைச் செயலை அளந்தார்கள். அந்த அனிச்சை மூளையின் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை, தண்டுவடத்திலேயே நடப்பது. அது மற்றவர்களுக்கு வருகிற அதே அளவில்தான் இவர்களுக்கும் வந்தது. நரம்பின் வழி அறுந்திருக்கவில்லை, சேதி உள்ளே போய்க்கொண்டிருந்தது. 2012-இல் கியூபெக்கிலிருந்தே வந்த இன்னோர் ஆய்வு இன்னும் வியப்பானது. சட்டென்று வந்து போகும் வலியில் இவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கூர்மையோடு இருந்தார்கள். நீடிக்கும் வலியில்தான் மற்றவர்களுக்கு ஏறுவதுபோல் வலி ஏறவில்லை. எல்லாமே சில பத்துப் பேரை வைத்துச் செய்தவை. ஒன்றை வைத்து மற்றொன்றை அடித்துவிட முடியாது.

இந்தப் பரிசோதனைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும். "வலித்ததும் சொல்லுங்கள்" என்பது கேட்க எளிது. அதைச் செய்ய ஒருவர் கவனத்தைச் சிதறாமல் வைத்திருக்க வேண்டும், உள்ளே எழுவதைக் கவனித்துப் பெயரிட வேண்டும், உடனே வாய் திறக்க வேண்டும், எதிரில் இருப்பவரை நம்பவும் வேண்டும். மனச்சிதைவு முதலில் கைவைப்பதே இவற்றில்தான். காதுக்குள் ஒரு குரல் விடாமல் திட்டிக்கொண்டிருக்கும்போது கை சுடுவதைச் சொல்லத் தாமதமாவது வலியின் அளவைக் காட்டாது. மருந்துகளும் தம் பங்குக்கு உடம்பை இறுக்கி, முகத்தை முகமூடிபோல் ஆக்கிவிடலாம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நாம் வலியை அளக்கிறோம்.

முகத்தைப் பற்றி ஓர் ஆய்வை நான் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வதுண்டு. அது வலி பற்றியதல்ல, உணர்ச்சி பற்றியது. 1996-இல் ஆன் கிரிங், ஜான் நீல் என்ற இரு உளவியலாளர்கள், மனச்சிதைவு உள்ளவர்களுக்கு உணர்ச்சியைத் தூண்டும் படக்காட்சிகளைப் போட்டுக்காட்டினார்கள். முகத்தில் அசைவு மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் எவ்வளவு உணர்ந்தீர்கள் என்று கேட்டால் மற்றவர்களுக்குக் குறையாமல் சொன்னார்கள். தோலின் மின்கடத்தலை அளந்தபோது உள்ளே கொந்தளிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. கல்போல் உட்கார்ந்திருப்பவருக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் தம்பி கையை உதறாமல் நின்றதைக் கற்பனை செய்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது படியான துன்பம் உண்மையிலேயே மங்கிப்போகவும் வாய்ப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். உடம்பின் உள்நிலைகளைச் சேர்த்துப் பார்க்கும் இன்சுலா என்ற மூளைப்பகுதி மனச்சிதைவில் சராசரியாகச் சற்றுச் சிறுத்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. வலி கொடுத்து மூளையைப் படம் பிடித்த சில சிறு ஆய்வுகளில் அந்தப் பகுதி மந்தமாக இயங்கியது. "சுடுதுன்னு தெரிஞ்சுது சார், ஆனா அது எனக்குன்னு தோணல" என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது நடிப்பாக இருக்க முடியாது, அப்படி ஒரு வாக்கியத்தை நடிப்பவர் யோசிக்க மாட்டார்.

இனி கம்பிக்கு வருவோம். வெளியே ஒன்றும் படாமல் உள்ளே வலிப்பது எப்படி? நம் உடம்பிலிருந்து வரும் சேதிகளில் எது நாமே செய்ததால் வந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று மூளை ஓயாமல் பிரித்துக்கொண்டிருக்கிறது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டால் கூசாததற்கு அதுதான் காரணம்: கையை அசைக்கும் மூளையே என்ன வரப்போகிறது என்று முன்கூட்டிக் கணித்து அந்தக் கூச்சத்தை மட்டுப்படுத்திவிடுகிறது. லண்டனில் சாரா ஜெயின் பிளேக்மோர், கிறிஸ் ஃபிரித் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கேட்பவர்களும் "என்னை வேறு யாரோ இயக்குகிறார்கள்" என்பவர்களும் தாமே தொட்டுக்கொண்டதையும் பிறர் தொட்டதையும் ஏறத்தாழ ஒரே மாதிரி உணர்ந்தார்கள். 2005-இல் சுக்விந்தர் ஷெர்கில் குழுவினர் வேறு வழியில் போனார்கள். விரலில் விழுந்த அழுத்தத்தை அதே அளவில் திருப்பி அழுத்தச் சொன்னால், தம் அழுத்தம் தமக்கே குறைவாகத் தெரிவதால் நாமெல்லாம் கூடுதலாக அழுத்திவிடுவோம். மனச்சிதைவு உள்ளவர்கள் நம்மைவிடத் துல்லியமாக அழுத்தினார்கள். தன் செயலைத் தானே மட்டுப்படுத்தும் அந்த வடிகட்டி அவர்களிடம் தளர்ந்திருந்தது.

வடிகட்டி தளர்ந்தால், நமக்கெல்லாம் கவனத்துக்கே வராத குடல் அசைவும் வாயுவும் தசைப்பிடிப்பும் "யாரோ உள்ளே செய்வது" போல் எழலாம். இந்தக் கடைசிப் படி ஊகம்தான், நேரடியாக நிரூபிக்கப்பட்டதல்ல. ஆனால் பிரண்டன் மாஹர் 1974-இல் முன்வைத்த கருத்து இங்கே மிகவும் உதவுகிறது: விசித்திரமான நம்பிக்கை என்பது, விசித்திரமான ஓர் உணர்வுக்கு மனிதன் தேடிக்கொள்ளும் விளக்கம். உணர்வு முதலில், விளக்கம் பிறகு. விளக்கத்துக்கான சொற்களை அவரவர் தம் ஊரிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு மானுடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையில் மனச்சிதைவு ஆய்வு செய்யும் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் பத்மாவதி உள்ளிட்டோருடன் சேர்ந்து சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ மூன்றிலும் ஊருக்கு இருபது பேர் என்று குரல் கேட்பவர்களிடம் பேசினார். சென்னைக்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்டது அம்மா, மாமியார், அக்கா போன்ற உறவுகளின் குரல். அமெரிக்கர்கள் பலருக்குக் கேட்டது வன்முறையும் மிரட்டலும். அதேபோல ஒருவருக்கு வயிற்றில் செய்வினை ஆணி, இன்னொருவருக்குக் கம்பி, மற்றொருவருக்கு சிப்.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வார்டில் நடுவயதுக்காரர் ஒருவர், "கடவாய்ப் பல்லுக்குள்ள மைக் வச்சிருக்காங்க, ராத்திரி ஆனா அதச் சூடு பண்றாங்க" என்று தினமும் சொல்வார். நான் அதை அவருடைய நம்பிக்கைகளின் பட்டியலில் எழுதி, அதன்மேல் எவ்வளவு உறுதி வைத்திருக்கிறார் என்று வாராவாரம் அளந்துகொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் தாடை வீங்கியது. பல் மருத்துவர் பார்த்தபோது வேரில் சீழ் கட்டியிருந்தது. ராத்திரியில் படுத்ததும் பல்வலி விண்விண்ணென்று தெறிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அவருடைய சொற்களில். பல்லைப் பிடுங்கியபின் சூடு போய்விட்டது. மைக் போகவில்லை, அதற்கு வேறு மாதங்கள் ஆயின. மூன்று வாரம் அவரை அந்த வலியோடு படுக்கவிட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.

எதிர்த்திசையிலும் கொஞ்சம் சான்று இருக்கிறது, எல்லாம் உறுப்பில்தான் கோளாறு என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. யேல் பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஒளியையும் ஒலியையும் திரும்பத் திரும்பச் சேர்த்துக் கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு ஒளியை மட்டும் காட்டியபோதும், குரல் கேட்கும் வழக்கமுள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிக முறை ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். எதிர்பார்ப்பு புலனையே மீறிப் பேசுகிறது. வலியிலும் எதிர்பார்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. வெறும் சர்க்கரை மாத்திரையில் வலி குறைவது அதனால்தான். ஆகவே உறுப்பில் எதுவும் இல்லாமலே தம்பிக்கு வலிக்கலாம், அப்போதும் அது வலிதான். வலியும் மனப்பிறழ்வும் (இல்லாதது கேட்பது, தெரிவது போன்றவை) ஒரே வேதியியலைத் தொட்டுக்கொண்டு போவதற்கு மருந்துகளே சாட்சி. கெட்டமைன் வலியை அடக்கும், அதே மருந்து ஆரோக்கியமானவருக்கும் சிறிது நேரம் மனப்பிறழ்வு போன்ற அனுபவங்களைத் தரும். நம் ஊர் மருத்துவமனைகளில் வலிக்குப் போடும் பென்டசோசின் ஊசியும் சிலருக்கு இல்லாததைக் காட்டும்.

பொதுவாக வலி என்று எடுத்துக்கொண்டால், மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உடல்வலியோடு வாழ்வதாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. வலியே தெரியாதவர்கள் என்ற பேச்சை மறுக்க இது ஒன்றே போதும். நோயே இல்லாத பொதுமக்களில் எப்போதாவது குரல் கேட்பது போன்ற அனுபவம் உள்ளவர்களும் உண்டு.  அத்தகைய அனுபவம் உள்ளவர்களிடம் முதுகுவலியும் கூடுதலாக இருப்பதாக, குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 43 நாடுகளின் தரவு காட்டுகிறது. எது எதற்குக் காரணம் என்று அதில் தெரியாது, தூக்கமின்மை இரண்டுக்கும் தாயாக இருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது. தம்பி எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அது க்ளோசபின் என்றால் இன்றைக்கே கவனியுங்கள். அந்த மருந்து குடலின் அசைவை மந்தமாக்கும். சாதாரண மலச்சிக்கலாகத் தொடங்கி, குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஜனவரியில் இதற்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. கடைசியாக எப்போது வெளிக்குப் போனார், வாயு பிரிகிறதா, வயிறு உப்பியிருக்கிறதா என்று கேளுங்கள். வெட்கப்பட்டால் அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். வாந்தி, காய்ச்சல், கல்போன்ற வயிறு, மலமும் வாயுவும் நின்றுபோவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மருத்துவரிடம் கம்பியைச் சொல்லித் தொடங்காதீர்கள். "இரண்டு வாரமாக ராத்திரியில் வயிற்றுவலி, தொப்புளுக்கு மேலா கீழா, சாப்பிட்டால் கூடுகிறதா, எடை குறைந்ததா" என்று தொடங்குங்கள், மனச்சிதைவையும் மருந்துகளையும் அடுத்துச் சொல்லுங்கள். முதலில் நோயின் பெயரைக் கேட்டதும் கையை எடுத்துவிடும் மருத்துவர்களை நான் பார்த்திருக்கிறேன். "சைக்கியாட்ரி கேஸ்" என்று திருப்பி அனுப்பினால், 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உடல்நோயாளிக்குச் சமமான சிகிச்சையை இவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது என்று பணிவாகவே சொல்லலாம். மனச்சிதைவு உள்ளவர்களின் ஆயுள் பத்து ஆண்டுக்கும் மேல் குறைவதற்கு இதயநோய் போன்ற சாதாரண உடல்நோய்கள் பெரும் காரணம், அவை தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகின்றன.

தம்பியிடம் கம்பி உண்டா இல்லையா என்று வாதாட வேண்டாம், ஆமாம் உண்டு என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "எந்த எடத்துலப்பா வலிக்குது, கை வச்சுக் காட்டு, இப்ப குத்துதா எரியுதா" என்று கேளுங்கள். அவர் சொல்லாத நாட்களில் சொல்லுக்குக் காத்திருக்காமல் நடையைப் பாருங்கள், ஒரு பக்கமாகப் படுக்கிறாரா, தட்டில் சோறு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். இதைப் பழக்கமாக்கிக்கொண்ட குடும்பங்கள் எங்களைவிட முந்தி நோயைக் கண்டுபிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவிடம் முகம் பற்றிய கிரிங்கின் ஆய்வைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை நடிக்கிறான் என்று நினைக்கும் அப்பாவுக்குள்ளும் பெரும்பாலும் பயம்தான் இருக்கிறது.

அந்தக் கையையும் அதே நாளில் காட்டிவிடுங்கள். ஒரு மாதம் ஆகியும் புண் முழுக்க ஆறவில்லை என்றாலும், விரலில் மரத்த உணர்வு இருந்தாலும், ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய்க்கான மருந்துகளில் சில சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை நீடித்தால் நரம்பு மரத்துப்போகும். கொதிகஞ்சிக்கு அவர் கையை உதறாததற்கு மனச்சிதைவே காரணம் என்று நாம் எல்லோரும் எடுத்துக்கொண்டோம், அதையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.